மூன்றாம் சேம்பரின் மாம்பழங்கள்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். முனைவர் பட்டம் வாங்கியது சோதனைகள் செய்து அல்ல, எந்தச் சோதனையைச் செய்யலாம் என்று முடிவெடுப்பதைப் பற்றி எழுதி. ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு கணக்குச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே விடை தரும் இடத்தில் சோதித்துப் பார்த்தால் நேரம்தான் வீண். இரண்டும் எங்கே அதிகமாக முரண்படுகின்றனவோ அங்கே போய்ச் சோதிக்க வேண்டும். வந்த முடிவை வைத்து, இது சரியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, அதற்கு இவ்வளவு என்று நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திய பிறகு, அடுத்த சோதனையை எங்கே செய்தால் இன்னும் தெளியும் என்று மறுபடி தேட வேண்டும். இவ்வளவையும் கணினியே செய்யும்படி ஒரு நிரல் எழுதியிருந்தேன். இந்த வகைக் கணக்குக்குப் பேயீசியன் என்று பெயர்.

நகரிப் பக்கம் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னபோது அம்மா பயந்துவிட்டாள்.

"பேயா? படிக்கப் போன எடத்துல இதெல்லாமா சொல்லிக் குடுக்குறாங்கோ?"

நைனா அவளைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்தவர். "பேயி இல்லமே, ஈசி. எல்லாத்தையும் ஈசியா பண்றதுக்கு ஏதோ வழி சொல்லுது பாப்பா" என்று விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கமே வீட்டில் நிலைத்துவிட்டது.

என் ஆய்வேட்டில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. தரவுகளைக் கணினியே உண்டாக்கியது, சோதனையைக் கணினியே தேர்ந்தெடுத்தது, விடையையும் கணினியே கண்டுபிடித்தது. விடை சரியாக இருந்ததில் எல்லோருக்கும் திருப்தி. கேள்வியையும் பதிலையும் ஒருவரே தயாரித்தால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

பிறகு கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது. தொழிற்சாலைகளோடு சேர்ந்து என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்பார்களாம். நாங்கள் ஒன்றும் செய்திருக்கவில்லை. எங்கள் பிரின்சிபாலுக்குச் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "உன் சப்ஜெக்ட்லயே எக்ஸ்பெரிமென்ட்னு ஒரு வார்த்தை இருக்குதே, நீயே போம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையின் தகுதியில் நான் மாம்பழத்துக்குள் போனேன்.

ஃபேக்டரி சித்தூருக்கு வெளியே, பூதலப்பட்டு போகும் ரோட்டில் இருந்தது. சீசனில் டிராக்டர்களும் லாரிகளும் வாசலிலிருந்து வெகுதூரம் நிற்கும். முதலாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது. வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மாம்பழ வியாபாரத்தில் தொடங்கி ஃபேக்டரி கட்டியவர். அவருடைய மருமகன் வெளிநாட்டில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, பாதி நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தார். தரம் பார்ப்பதற்கு ஓர் அம்மாள் இருந்தார். புத்தூர்க்காரர், நுண்ணுயிரியல் படித்தவர், பல சீசன்களாக அங்கே வேலை செய்கிறவர். பழத்தை அறுத்து, ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டு, இனிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதும், இந்த லோடு மெஷினுக்குப் போகலாம், இது போகக்கூடாது என்று தீர்ப்பளிப்பதும் அவர்தான்.

தோதாபுரி மாங்காய் பச்சையாக, கல்லாகத்தான் வந்து இறங்கும். அதைச் சேம்பர் என்று அவர்கள் சொல்லும் மூடிய அறைகளில் அடுக்கி, பழுக்கவைக்கும் வாயுவை விட்டு, அளவான சூட்டில் சில நாள் வைப்பார்கள். சண்டை அந்தச் சூட்டைப் பற்றியது. சூட்டை ஏற்ற ஏற்ற சீக்கிரம் பழுக்கும், அதனால் ஏற்றுங்கள், ஒரே சீசனில் இன்னும் நிறையப் பழம் ஓட்டலாம் என்பது மருமகனின் கட்சி. ஓர் அளவுக்குமேல் ஏற்றினால் தோல்தான் மஞ்சளாகும், உள்ளே வெள்ளையாகப் புளித்துப்போய்க் கிடக்கும் என்பது அந்த அம்மாளின் கட்சி. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. நான் போன முதல் நாளே இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

மருமகனிடம் கணக்கு தயாராக இருந்தது. லேப்டாப்பில் ஒரு வளைகோடு, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மாளிடம் கோடு எதுவும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு நானே வரைந்தேன். ஏறி, ஓர் இடத்தில் நின்று, அதற்குப் பிறகு சரிந்து விழும் கோடு.

"எந்த எடத்துல மேடம் வளையணும்?"

"முப்பது டிகிரிக்கு மேல போனாவே கஷ்டம் மேடம்" என்றார். தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான் சொல்றத யாரும் இப்டி கோடா போட்டுக் காட்டினதில்ல. இத அவரு பாத்தாரா?"

இரண்டு கோடுகளையும் நிரலுக்குக் கொடுத்தேன். சோதனை தொடங்குமுன் ஒவ்வொரு கட்சிக்கும் எவ்வளவு நம்பிக்கை கொடுப்பது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அது என் முறையின் நேர்மை. முதலாளியின் அறையில் மூன்று பேரையும் உட்காரவைத்து இதை விளக்கினேன்.

"எனக்குத் தொண்ணூறு கொடுக்கலாம்" என்றார் மருமகன், சபையடக்கத்தோடு.

அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நாற்காலியை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு பக்கம் மகள் வாழும் வீடு. இன்னொரு பக்கம், இந்த அம்மாள் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டால் ஃபேக்டரியே நின்றுவிடும். "பாதி பாதி போட்டுக்கோம்மா. ரெண்டு பேரும் நம்ம மனுஷங்கதானே" என்றார்.

புத்தகங்களில் இதற்கு, முன்முடிவற்ற தொடக்கம் என்று பெயர். எனக்குத் தெரிந்தவரை அது எல்லா இடத்திலும் இப்படித்தான் பிறக்கிறது.

நிரலை ஓட்டினேன். சேம்பரை எவ்வளவு சூட்டில் வைக்கலாம், எத்தனை நாள் கழித்துத் திறந்து பார்க்கலாம் என்ற எல்லாச் சேர்க்கைகளையும் அது அலசியது. வழக்கமாக அவர்கள் வைக்கிற சூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. நேராக மேலே போய், அந்த அறைகளால் தாங்க முடிந்த உச்சச் சூட்டைத் தேர்ந்தெடுத்தது. மருமகன் கோட்டின்படி அங்கே பழம் இரண்டே நாளில் பழுத்து மெஷினுக்குத் தயார். அந்த அம்மாளின் கோட்டின்படி அங்கே ஒரு பழமும் தேறாது. முடிவு எப்படி வந்தாலும் ஒரு கட்சி அங்கேயே விழுந்துவிடும். எனக்கு அந்தத் திரையைப் பார்க்கவே அழகாக இருந்தது.

முதலாளிக்கு அப்படி இல்லை.

"ஏம்மா, நாம எப்பவும் வெக்கிற சூட்டுல இவங்க ரெண்டு பேரும் என்ன சொல்றாங்கோ?"

"ஒண்ணேதான் சார் சொல்றாங்க."

"மரி, அப்போ அத விட்டுட்டு இன்னாத்துக்கு அங்க போற? ஒத்துமையா இருக்கிற எடம் இருக்குது. அது வேணாம்னு சண்ட எங்க இருக்குதுன்னு தேடிக்கினு போறியே!"

"சண்டை இருக்கிற எடத்துலதான் சார் எது சரின்னு தெரியும்."

"பழம் போயிடுமேம்மா."

"அவங்க சொல்றது சரின்னா போயிடும். உங்க மாப்பிள்ளை சொல்றது சரின்னா நல்லா பழுத்துடும்."

மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு, பழம் போய்விடும் என்று முதலாளியால் மறுபடி சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரே. மூணாம் சேம்பர எடுத்துக்கோ. அதான் சின்னது" என்றார்.

பழைய அறை அது. சாமான் போட்டு வைத்திருந்ததை ஒழித்துக் கழுவிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில், கிரேட் கிரேட்டாக மாங்காய் உள்ளே போனது. வாயுவை விட்டார்கள், சூட்டை ஏற்றினார்கள், இரும்புக் கதவைச் சாத்தினார்கள். நான் வாரத்தில் சில நாள் காலை வகுப்பை முடித்துவிட்டுத் திருப்பதியிலிருந்து பஸ் ஏறுவேன். சந்திரகிரி தாண்டும்வரை விடைத்தாள் திருத்துவேன், அதற்குப் பிறகு ரோடு திருத்த விடாது. ஃபேக்டரியில் சேம்பரிலிருந்து சில பழங்களை எடுத்து அறுத்து, அந்த அம்மாள் அளவு சொல்ல, நான் நிரலில் ஏற்றுவேன். மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மா போனில், "மாங்கா பழுக்கிறத வேடிக்க பாக்கறதுக்கா இத்தினி வருஷம் படிச்சே?" என்று கேட்டாள். ஆய்வுக்குழு கேட்டால் சொல்வதற்கு நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

முதல் லோடு வெளியே வந்தது. பழம் பழுத்திருந்தது. மருமகன் சொன்ன வேகம் இல்லை, கொஞ்சம் தாமதம். ஆனாலும் உள்ளே மஞ்சளாக, மணமாக, நன்றாகவே பழுத்திருந்தது. அந்த அம்மாள் ஒன்றை அறுத்தார், இன்னொன்றை அறுத்தார், கிரேட்டின் அடியிலிருந்து எடுத்து மூன்றாவதையும் அறுத்தார். சாற்றைக் கருவியில் விட்டுப் பார்த்து, அளவை என்னிடம் சொன்னார்.

பாதியில் தொடங்கிய நம்பிக்கை மருமகன் பக்கம் சாய்ந்தது. நிரல் இன்னொரு முறை அதே உச்சச் சூட்டில், நாட்கணக்கை மட்டும் மாற்றிச் சோதிக்கச் சொன்னது. அதுவும் பழுத்தது. நம்பிக்கை இப்போது கிட்டத்தட்ட முழுவதும் அவர் பக்கம். உண்மையில் வந்த எண்கள் இரண்டு கோட்டிலும் ஒட்டவில்லை, நடுவில் எங்கோ தொங்கின. ஆனால் என் நிரலுக்குத் தெரிந்தது இரண்டே பேர். அந்த இருவரில் யார் பரவாயில்லை என்றுதான் அது யோசிக்கும். இரண்டு பேரும் இல்லை என்று சொல்ல நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அளவுகளில் சின்னப் பிசகு இருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, கட்டுரைக்குத் தலைப்பு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் ஃபேக்டரி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்த அம்மாளுக்கும் தன் கையாலேயே நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "ஒங்க கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். நான் இத்தினி வருஷமா எதப் பாத்தேனோ தெர்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரும் திங்கட்கிழமையிலிருந்து எல்லாச் சேம்பர்களிலும் சூட்டை ஏற்றிவிடலாம் என்று மருமகன் முடிவு செய்தார். என்னுடைய ஆராய்ச்சியை ஒருவர் நிஜமாகவே பயன்படுத்தப்போவது அதுதான் முதல் முறை.

அதற்கு முந்தின சனிக்கிழமை சித்தூரில் ஏதோ கட்சி ஊர்வலம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஏறிய ஆட்டோ பாதி வழியில் திரும்பி என்னை ஃபேக்டரி வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. கூட்டம் கலையும்வரை உட்காரலாம் என்று உள்ளே போனேன். ஷிப்ட் மாறும் நேரம், சேம்பர்கள் இருக்கும் பக்கம் ஆள் இல்லை. இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொள்ள ஏற்றியிருந்த லோடு உள்ளே இருக்க, மூன்றாம் சேம்பரின் கதவு அகலத் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கிரேட்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதலாளி நின்றிருந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடி. அதை வைத்துப் பழங்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினாரே தவிர, பதறவில்லை.

"நீ இன்னும் ஊருக்குப் போவலியாம்மா?"

"சார், கதவு ஏன் சார் தொறந்திருக்கு?"

"மூச்சு முட்டுதும்மா அதுங்களுக்கு. தொட்டுப் பாரு, எப்டி கொதிக்குது."

"இன்னிக்கு மட்டுமா சார் தொறந்தீங்க?"

"தினமும் கொஞ்ச நேரம் தொறப்பேன். சாயங்காலம் வந்து தொறந்து விட்டேன்னா, பொழுது போனப்புறம் சாத்திட்டுப் போவேன். ஒங்க லெக்கலுக்கு நான் குறுக்க வரல."

லெக்கல் என்றால் தெலுங்கில் கணக்குகள். என் கணக்குகளுக்குக் குறுக்கே வராமல், தினமும் மாலை முழுவதும் அவர் சேம்பரை ஆறவைத்திருக்கிறார். பழுத்த பழங்களெல்லாம் நான் எழுதி வைத்த சூட்டில் பழுத்தவை அல்ல. பாதி அந்தச் சூட்டிலும், மீதி முதலாளியின் விசிறியிலும் பழுத்தவை.

அங்கேயே ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "நீங்கதானே சார் ஒத்துக்கிட்டீங்க, பழம் போனா பரவாயில்லன்னு?"

"ஒத்துக்கினேன். அது ஆபீஸ்ல. இங்க வந்து பாத்தா மனசு கேக்கல." என் எதிரில் அவரும் ஒரு கிரேட்டில் உட்கார்ந்தார். "மண்டியில பழத்துக்கு நடுவுலயே வைக்கோல் போட்டுப் படுத்தவன்மா நான். எது அழுகப் போவுதுன்னு மோந்தா தெரியும். தெரிஞ்சே எப்டிம்மா சாவ விடுறது?"

அவருக்குப் புரியும்படி சொன்னேன். கதவு திறந்ததால்தான் இவை பிழைத்தன. பிழைத்ததால்தான் மாப்பிள்ளை ஜெயித்தார். திங்கட்கிழமை எல்லாச் சேம்பரும் சூடாகப் போகிறது. அத்தனைக் கதவையும் திறந்து விசிற உங்களால் முடியாது.

அவர் முகம் மாறியது. கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார். "பழம் மொத்தமும் போயிடுமா?"

"அந்தம்மா சொல்றது சரின்னா."

"அது சரிதாம்மா. அதுகூடவா எனக்குத் தெரியாது? அதனாலதானே தொறந்தேன்."

விடையைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விடை தெரிந்த மனிதர், மருமகனின் மனம் நோகாமல் இருக்கப் பாதி பாதி என்று சொல்லிவிட்டு, பழத்தின் மனம் நோகாமல் இருக்கக் கதவைத் திறந்துவைத்திருந்தார்.

"உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லியாகணும் சார். காரணம் இல்லாம நான் பாட்டுக்கு எண்களைத் தூக்கிப் போட முடியாது."

"வேணாம்மா. மாப்ளகிட்ட சொல்லாத. மாமனாருக்கு நம்ம பேர்ல நம்பிக்க இல்லன்னு நெனச்சிடுவான். நான் பாத்துக்கறேன், நாளைக்கு ஒரு நாள் டைம் குடு."

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது. மறுநாள் ரேணிகுண்டாவிலிருந்து குளிர்சாதன மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார். மூன்றாம் சேம்பரின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தளர்ந்துவிட்டது, சூடு வெளியே போகிறது, அதனால் இதுவரை எடுத்த கணக்கெல்லாம் தப்பு என்று மருமகனிடமும் தரம் பார்க்கும் அம்மாளிடமும் அறிவித்தார். மெக்கானிக் கதவைத் தடவிப் பார்த்து, "ரப்பர் நல்லாத்தானே சார் இருக்குது?" என்றார். "நீ மாத்து" என்றார் முதலாளி. நல்ல ரப்பரைக் கழற்றிவிட்டு வேறு நல்ல ரப்பரைப் போட்டுவிட்டு மெக்கானிக் போனார். குறையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மறுபடி செய்கிறோமே, இதுதான் விஞ்ஞான மனப்பான்மை என்று மருமகன் என்னைப் பாராட்டினார். சூட்டை ஏற்றுவதையும் அவரே தள்ளிவைத்தார்.

அன்று சேம்பர் பக்கம் அந்த அம்மாளைத் தனியாகப் பார்த்தபோது, மனம் தாங்காமல் கதவு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமே மேடம். பெத்தாயன சாயங்காலம் ஆனா வந்து தொறந்துகினு நிப்பாரு. இந்தப் பக்கம் வேல செய்றவங்க எல்லாருக்கும் தெரியும். மாப்ளைக்குத்தான் தெரியாது, அவரு ஏசி ரூம விட்டு வர்றதில்ல." பெத்தாயன, அதாவது பெரியவர், என்று அங்கே எல்லோரும் சொல்வது முதலாளியை.

"அப்புறம் ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சிக்கினேன். அதையும் சேத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்கு போடுதுன்னு இருந்தேன். அதையும் மீறி அவருதான் ஜெயிக்கிறாருன்னுதான் எனக்கு மனசு ஒடிஞ்சிபோச்சு."

இந்த முறை கதவுக்குப் பூட்டுப் போட்டோம். முதலாளியே வாங்கி வந்த பூட்டு. சாவியை என் கையில் கொடுத்து, "நீயே திருப்பதிக்கு எடுத்துக்கினு போயிடு. நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். அன்று மாலையே போன் வந்தது.

"சாவி பத்திரமா இருக்குதாம்மா?"

"இருக்கு சார்."

"சும்மாதான் கேட்டேன்."

அடுத்த மாலை, கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே ஏதோ வாசனை மாறுகிறது என்றார். அதற்கடுத்த நாள், நாளைக்கு நான் வருவதற்குப் பதில் இன்றைக்கே வந்தால் கார் அனுப்புவதாகச் சொன்னார். எனக்கு வகுப்பு இருக்கிறது என்றேன். "ஆஸ்பத்திரியிலகூட சாயங்காலம் பாக்க வுடுவாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என்னை நானே நம்பவில்லை.

கதவைத் திறந்தபோது எல்லோரும் இருந்தோம். பார்ப்பதற்குப் பழங்கள் பிரமாதமாக இருந்தன, தகதகவென்று மஞ்சள். மருமகன் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் ஒன்றை எடுத்து அறுத்தார். உள்ளே சுண்ணாம்பாக வெள்ளை, விளிம்பில் மட்டும் நீர்த்துப்போய், கள்ளைப்போலப் புளித்த வாடை. அடுத்ததும் அப்படியே. மருமகன் தானே கத்தியை வாங்கி இரண்டு பழத்தை அறுத்துப் பார்த்தார். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு வெளியே போய், டிராக்டர்கள் நிற்கும் பக்கம் நடந்தார்.

என் நிரல் ஒரே தாவலில் அந்த அம்மாளின் பக்கம் போய்விட்டது. அதற்குக் கூச்சம் என்பதே இல்லை.

சோதனை அதோடு முடியவில்லை. கோடு வளைகிறது என்று தெரிந்துவிட்டது, எங்கே வளைகிறது என்று நிரல் தேடத் தொடங்கியது. இப்போது அது உச்சச் சூட்டை விட்டுவிட்டு நடுவில் இறங்கி வந்தது. கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் இறக்கு என்று அது சொன்னபடி செய்தோம். பழங்கள் பெரும்பாலும் பிழைத்தன. மாலை போன்களும் குறைந்தன. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அந்த அம்மாள் சொன்ன முப்பதில் அது வளையவில்லை. அதையும் தாண்டிக் கொஞ்சம் மேலே போய்த்தான் வளைந்தது.

முடிவைச் சொல்ல மறுபடி முதலாளியின் அறையில் கூடினோம். சரிந்து விழும் கோடுதான் சரி என்றேன். "நான் அதத்தானே சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். ஆனால் அவர் சொன்ன அளவைத் தாண்டியும் பழம் தாங்குகிறது என்றேன். "நானும் அதைத்தானே சொன்னேன், இன்னும் ஏத்தலாம்னு" என்றார் மருமகன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, வெகுகாலத்துக்குப் பிறகு முதல் முறையாக, ஒருவரையொருவர் பார்த்து, எந்த லோடு முதலில் ஓட்டுவது என்று நேராகப் பேசினார்கள். தோற்றவர் என்று யாரும் இல்லாததால் பேசுவதற்குத் தடை இல்லாமல் போயிற்று.

முதலாளி மட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாம சூட்ட எதுல வெக்கணும்மா?"

"எப்பவும் வெக்கிறதே நல்லது சார். கொஞ்சம் ஏத்தலாம், ஆனா கெடைக்கிற லாபம் ரொம்பக் கொஞ்சம். கதவு சரியா சாத்தாம போனாலோ, சேம்பர் மெஷின் ஒரு நாள் தடுமாறினாலோ நஷ்டம்தான்."

"மொதல்ல எப்டி இருந்துச்சோ அப்டியே வுட்டுடலாம்ங்கிறே."

"ஆமா சார்."

"அதுக்கா இத்தினி பழம்?"

"இனிமே ஏத்தக்கூடாதுன்னு நிச்சயமா தெரிஞ்சுதே சார்."

"நான் எப்பம்மா ஏத்தினேன்?" என்றார். பிறகு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

ஆய்வுக்குழு வந்தது. எங்கள் மாங்கூழ்க் கூட்டு முயற்சியைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தது, காலேஜுக்குப் புள்ளி கொடுத்தது. ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். கதவின் ரப்பர் அடைப்பில் ஏற்பட்ட கோளாறு காரணமாக முதல் இரண்டு சோதனைகளின் தரவுகள் விலக்கப்பட்டன என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொன்னவர்களில் ஒருவர், அடைப்புக் கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று விளக்கச் சொன்னார். மனிதத் தலையீடு என்று இரண்டே சொற்களில் திருத்தி அனுப்பினேன். அந்த விளக்கம் தனக்குத் திருப்தி அளிப்பதாக எழுதினார். அதே வாரத்தில் என் நிரலிலும் ஒரு வேலை செய்தேன். இரண்டு பேரும் சரியில்லை என்று சொல்ல அதற்கு ஒரு வழி வைத்தேன். எழுதுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த சீசன் தொடங்கிச் சில நாள் இருக்கும். வகுப்பில் இருந்தபோது முதலாளியின் போன் வந்தது. வெளியே வந்து எடுத்தேன். இப்போது மருமகனும் அந்த அம்மாளும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்களாம். அப்படிப் பேசிக்கொண்டதில் புதிதாக ஒரு சண்டை வந்துவிட்டதாம். பறித்த மாங்காயை உடனே சேம்பரில் ஏற்றுவதா, வெளியே கொஞ்சம் ஆறப்போட்டு ஏற்றுவதா என்று இரண்டு கட்சி. இரண்டு பேருமே, அந்தத் திருப்பதி மேடத்தைக் கூப்பிடுங்கள், அவர்களே சொல்லட்டும் என்கிறார்களாம்.

"இதுல நீங்க யார் பக்கம் சார்?" என்று முதலிலேயே கேட்டுவிட்டேன்.

"நான் யாரு பக்கமும் இல்லம்மா. பாதி பாதியே போட்டுக்கோ" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நீ எந்த எடத்துல பழம் கெட்டுப்போற மாதிரி வெக்கப் போறேன்னு மட்டும் முன்னாடியே எனக்குச் சொல்லிடு. அந்த வாரம் நான் திருப்பதியில சின்னப் பொண்ணு வீட்டுல வந்து இருந்துக்கறேன்."

எந்த வாரம் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது, முந்தைய முடிவு வந்த பிறகுதான் நிரல் அடுத்ததைச் சொல்லும் என்றேன்.

"அப்டின்னா சீசன் முழுக்க அங்கயே இருக்கணும்ங்கிறே" என்றார் கவலையாக. பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. யாரையோ தெலுங்கில் அதட்டிவிட்டு, "சரி, திங்கட்கெழம வா, பேசிக்கலாம்" என்று போனை வைத்தார்.